ரெண்டு கொழந்தைங்க, தோட்டத்து வீடு: காக்கர் ஸ்பேனியல் ஒத்து வருங்களா?

மஞ்சக்காடு:

வணக்கமுங்க. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவுல தோட்டத்துல குடியிருக்கறோம். நாங்க ரெண்டு பேரு, 8 வயசுப் பையன், 3 வயசுப் பொண்ணு, மாமனார், மாமியார். நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. காலையில எட்டரைக்குக் கெளம்பினா திரும்பி வர பொழுதோட ஆறரை ஆயிரும். பகல்ல பெரியவங்க வீட்டுல இருப்பாங்க. ஆனா மாமியாருக்கு முழங்கால் தேய்மானம், குனிய முடியாது. வாசலைச் சுத்திக் கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் மஞ்சளும் தென்னையும். 15 நாட்டுக்கோழி, கட்டுத்தரையில 2 மாடு, காவலுக்கு ஒரு நாட்டு நாய் இருக்குது.

பையனுக்குக் காக்கர் ஸ்பேனியல் நாய்தான் வேணுமாம். ஈரோட்டுல ஒருத்தர்கிட்ட தங்க நிறத்துல குட்டி இருக்குது, 35 நாள் ஆச்சு, இந்த வாரமே எடுத்துக்கச் சொல்றாரு. கொழந்தைங்களோட ஒட்டுமா, கோழியை விட்டு வெக்குமா, இந்த வெயில் தாங்குமா, காதுக்கும் முடிக்கும் நெசமாவே எவ்வளவு வேலை? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வேண்டாம்னு தோணினாலும் காரணத்தோட சொல்லுங்க.

குஞ்சவால்:

மொதல்ல அந்த 35 நாள் குட்டியை எடுக்காதீங்க அம்மிணி. 8 வாரம் முடியாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017ல வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதியிலேயே இருக்குது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அஞ்சாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவுலதான் குட்டி கூடப்பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடி, எவ்வளவு அழுத்தினா அடுத்தது கத்திட்டு விளையாட்டை நிறுத்தும்னு பழகும். அதைப் பழகாத குட்டி அந்தப் பாடத்தை உங்க 3 வயசுப் பொண்ணு கையிலதான் படிக்கும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி கொறையற நேரமும் அதுதான். பார்வோங்கற வாந்திபேதி நோய்ல நெறைய குட்டிங்க போறது இந்த அவசரத்துலதான்.

இப்ப இனத்துக்கு வரலாம். காக்கர்னு விக்கறதுல ரெண்டு இனம் இருக்குது. இங்கிலீஷ் காக்கர் தோள் உயரம் 38 முதல் 41 சென்டிமீட்டர், எடை 13லிருந்து 14.5 கிலோ, மூஞ்சி நீளம். அமெரிக்கன் காக்கர் அதைவிடச் சின்னது, மண்டை உருண்டை, மூஞ்சி குட்டை, வயித்துலயும் கால்லயும் முடி ரொம்ப அடர்த்தி. நம்ம ஊர் வெயிலுக்கும் உங்க வீட்டு நேரத்துக்கும் இங்கிலீஷ் காக்கரை மட்டும் யோசிங்க. குட்டியா இருக்கறப்ப வித்தியாசம் தெரியாது, தாயைப் பாத்தாத்தான் தெரியும்.

இந்த இனத்துப் பேரே வுட்காக்ங்கற பறவையால வந்தது. புதருக்குள்ள பூந்து பறவையைக் கெளப்பி விடறதுதான் அதோட பரம்பரை வேலை. அதனால உங்க கோழி விஷயத்துல யோசிக்க வேண்டியது நாயோட கெட்ட குணத்தை இல்லை, அது பொறந்த தொழிலை. மஞ்சக்காட்டுக்குள்ள மயிலோ கௌதாரியோ றெக்கையடிச்சா கூப்பிடறது காதுல விழாது. மயிலைத் துன்புறுத்தறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குத்தம், அதையும் மனசுல வெச்சுக்குங்க. குட்டி வந்த மொத வாரத்துல இருந்தே கயித்துல புடிச்சுட்டுக் கோழி மேயறதைத் தள்ளி நின்னு பாக்க விடோணும். கோழியைப் பாத்துட்டு உங்க முகத்தைத் திரும்பிப் பாக்கற ஒவ்வொரு தடவையும் தீனி குடுங்க. ரெண்டு வயசு ஆகற வரைக்கும் கோழி வெளிய இருக்கறப்ப நாயை அவுத்து விடறது வேண்டாம்.

கொழந்தைங்க சமாச்சாரம். நல்லா வளந்த காக்கர் மனுஷங்களைச் சுத்தியே இருக்கற, மெதுவான மனசுள்ள நாய். அந்த மெதுவுலயே ரெண்டு சிக்கல் இருக்குது. அதட்டினாலோ, விருந்தாளி வந்து மேல குனிஞ்சாலோ நின்ன இடத்துலயே சிறுநீர் விட்டுரும். அது திமிரு இல்லை, பயமும் பரபரப்பும். திட்டினா அதிகமாகும். வாசல்லயே பாத்து, குனியாம, பக்கவாட்டுல நின்னு பேசினா ஒரு வயசுக்குள்ள பெரும்பாலும் நின்னுரும்.

ரெண்டாவதுதான் பெருசு. காக்கர்ல சிலது கையில கெடைச்ச பொருளைக் காத்துக்கும். தீனித்தட்டு, எடுத்துட்டு ஓடின சாக்ஸ், சோபா மூலைன்னு எதுவா வேணாலும் இருக்கலாம். வாயில இருந்து பலவந்தமாப் புடுங்கப் புடுங்க இந்தக் குணம் முத்தும், ஏன்னா மனுஷன் கிட்ட வந்தா பொருள் போயிரும்னு அது கத்துக்குது. குட்டியில இருந்தே பண்டமாத்து பண்ணுங்க. கறித்துண்டு குடுத்து சாக்ஸை வாங்குங்க, முடிஞ்சா சாக்ஸையே திருப்பிக் குடுங்க. சோறு வெக்கறது கதவு சாத்தின அறையிலயோ வேலிக்கு அந்தப் பக்கமோ இருக்கட்டும், சின்னப் பொண்ணு அந்தப் பக்கம் போகவே கூடாது. நாய் உறைஞ்சு நிக்கறது, கண்ணோட வெள்ளை தெரியப் பாக்கறது, தலையைத் திருப்பிக்கிட்டு உதட்டை நக்கறது, இதெல்லாம் "தள்ளிப் போ"ன்னு அர்த்தம். உறுமினா அதட்டி அடக்காதீங்க, கொழந்தையை எடுத்துட்டுப் போங்க. உறுமறதை அடக்கினா எச்சரிக்கை இல்லாமக் கடிக்கற நாயாயிரும். உங்க பொண்ணுக்கு 6 வயசு ஆகற வரைக்கும் ரெண்டு பேரையும் பெரியவங்க கண்ணு படாத எடத்துல ஒட்டுக்கா விடக் கூடாது. மாமியாரால எந்திரிச்சு ஓடி வர முடியாதுங்கறதை இதுல கணக்குல எடுங்க.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரே நிறக் காக்கருங்ககிட்ட கோவம் கலப்பு நிறத்தைவிடக் கூடுதலாத் தெரிஞ்சுதுன்னு இங்கிலாந்துல எடுத்த ஆய்வுல வந்திருக்குது. தங்க நிறம்னாலே கடிக்கும்னு இதுக்கு அர்த்தமில்லை. நிறத்தை வெச்சுத் தேர்வு பண்ணாம, தாய் நாய் அன்னியரைப் பாத்தா எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க.

வாய்க்கால்மேடு:

காதைப் பத்தி நான் எழுதுகிறேன். இந்த இனத்தை வாங்கிவிட்டு அப்புறம் வேண்டாமென்று விடுகிறவர்களில் பாதிப் பேரை விடவைப்பது காதுதான் என்பது என் கருத்து.

நாயின் காதுக்குழாய் நேராக இருக்காது. கீழே இறங்கி உள்பக்கம் திரும்பும், 'ட' எழுத்தைப் போல. காக்கருக்கு அதன்மேல் கனமான மடலும் குழாய்க்குள் முடியும் சேர்ந்துகொள்கின்றன. காற்றுப் போகாது, ஈரம் தங்கும், மெழுகு ஊறும். அங்கே ஈஸ்ட் பூஞ்சை பெருகும், பிறகு பாக்டீரியா. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் குளித்துவிட்டு வந்த பிறகும் இது அதிகம். காக்கருக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாய்க்காலில் இறங்க விட்டால் அன்றே காதை உலர்த்தியாக வேண்டும். சிமென்ட் கரை போட்ட இடங்களில் விடவே வேண்டாம், ஏறி வர முடியாது.

வாரத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியது இது. கால்நடை மருந்துக் கடையில் நாய்க்கென்று காது கழுவும் திரவம் கிடைக்கும். புட்டியைக் கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வைத்துக் குளிர்ச்சியை எடுங்கள், குளிர்ந்த திரவம் பட்டால் அடுத்த முறை நாய் தலையைக் கொடுக்காது. மடலை மேலே தூக்கிப் பிடித்து, குழாய் நிறையும் அளவுக்கு, ஏறக்குறைய 3 முதல் 5 மில்லி ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள், சளக் சளக்கென்று சத்தம் வர வேண்டும். பிறகு விட்டுவிடுங்கள், அதுவே உதறும். உதறி மேலே வந்த அழுக்கைப் பஞ்சால், உங்கள் விரல் போகிற ஆழம் வரை மட்டும் துடையுங்கள். பட்ஸ் குச்சி அழுக்கை 'ட'வின் கீழ்க்கோட்டுக்குத் தள்ளிவிடும். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

புளித்த வாடை, காப்பிப்பொடி நிற அழுக்கு, ஓயாமல் தலையை உதறுவது, தொட்டால் கத்துவது: இதில் ஒன்று தெரிந்தாலும் கழுவுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சாதாரணத் திரவமே உள்ளே போய்க் கெடுதல் செய்யும். அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மருந்து கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து வேறு. நான்கு நாளில் வாடை போனதும் சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் இந்த நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வந்தால் அது காது நோயே அல்ல, பெரும்பாலும் தோல் ஒவ்வாமை; அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அப்படியே விட்டால் உதறி உதறி மடலுக்குள் ரத்தம் கட்டி இட்லி போல வீங்கும், அதற்கு அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

முடி. வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம். மேலாக வாரினால் போதாது, இரும்புச் சீப்பின் பல் தோலைத் தொட வேண்டும். சிக்கு விழும் இடங்கள் காதின் பின்பக்கம், முன்னங்கால் அக்குள், பின்தொடை இடுக்கு. விழுந்த சிக்கைக் கத்தரிக்கோலால் நேரே வெட்டாதீர்கள், தோல் சிக்கோடு மேலே இழுபட்டிருக்கும், சேர்ந்து வெட்டுப்படும். குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போதும். முதலில் சிக்கெடுத்துவிட்டுத்தான் தண்ணீர், நனைந்த சிக்கு கம்பளி போல் இறுகிவிடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை கத்தரிக்க வேண்டும். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இதற்குக் கடைகள் இருக்கின்றன. வெயில் என்று சொல்லி முதுகை ஒட்ட மழிக்கச் சொல்லாதீர்கள். வெயில் நேரே தோலில் படும், திரும்ப வளரும் முடி பஞ்சு மாதிரி சுருண்டு இன்னும் சிக்காகும். வயிறு, கால், காது உள்பக்கம் குட்டையாக இருந்தால் போதும்.

கூட்டிப் பார்த்தால் காதும் முடியும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதிகம் இல்லை. ஆனால் அது யாருடைய ஒன்றரை மணி நேரம் என்று வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆள் பேர் சொல்லி முடிவாக வேண்டும். 8 வயதுப் பையனால் வாரி விட முடியும், காது கழுவ முடியாது.

கொரங்காடு:

ரெண்டு பேரும் நாயைப் பத்திச் சொல்லிட்டாங்க, நான் தோட்டத்தைப் பத்திச் சொல்றேன். என்னோட பக்கம் கொஞ்சம் 'வேண்டாம்' பக்கமுங்க.

உண்ணிதான் மொத எதிரி. நாயில இருக்கற பழுப்பு உண்ணி வாழ்நாள்ல பெரும்பகுதியை நாய் மேல கழிக்கறதில்லை, செவுத்து வெடிப்புலயும் கட்டுத்தரை சந்துலயும்தான் கழிக்குது. ஒரு பொட்டை உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். உங்க நாட்டு நாய்க்கு மருந்து போடாம ஸ்பேனியலுக்கு மட்டும் போட்டா பிரயோஜனமே இல்லை. ரெண்டுக்கும் ஒரே நாள்ல, எடை பாத்து, மருத்துவர் சொல்ற மாத்திரை குடுக்கோணும். சிலது மாசத்துக்கு ஒண்ணு, சிலது 12 வாரத்துக்கு ஒண்ணு. மாட்டு உண்ணிக்கு வாங்கி வெச்சிருக்கற மருந்தை நாய்க்கு அடிக்காதீங்க, அளவு தப்பினா வலிப்பு வந்துரும். காக்கர் முடிக்குள்ள உண்ணி கண்ணுக்குத் தெரியாது. காது மடல் உள்பக்கம், வெரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில, இந்த மூணு எடத்தை தெனமும் பொழுதோட தடவிப் பாருங்க. சோறு திங்காம, காய்ச்சலோட, ஈறு வெளுத்து, மூக்குல ரத்தம் வந்தாலோ ஒண்ணுக்கு காப்பி நிறத்துல போனாலோ உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். அன்னைக்கே ரத்தப் பரிசோதனை. பெரிய சோதனை வேணும்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது.

அடுத்தது புல்லு. மேச்சக்காட்டு ஊசிப்புல்லு காஞ்சா நுனி ஊசியாட்டம், பின்னால போகாம முன்னால மட்டுமே நகரும். வெரல் இடுக்குல பூந்து மேல ஏறிச் சீழ் கட்டும். திடீர்னு ஒரு பக்கக் காதை மட்டும் உதறினா உள்ள புல்லு போயிருக்கலாம், தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, மருத்துவர் கருவி விட்டுத்தான் எடுக்கோணும். பாதத்து அடி முடியைத் தட்டையா வெட்டி வெச்சா இது பாதி கொறையும்.

தோட்டத்துல இருக்கற விஷம்: தென்னைக்கு வெக்கற ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்கு வாசமா இருக்கும், ஆனா அதுல ரிசின் விஷம் இருக்குது. மண்ணுல தோண்டித் திங்கும். ஸ்பேனியல் மூக்குக்கு ஒரு அடி ஆழம் ஒரு பொருட்டே இல்லை. வேப்பம் புண்ணாக்குக்கு மாறிக்குங்க. எலிக்கு வெக்கற ஜிங்க் பாஸ்பைடு, வேலியோரத்து அரளி, பையன் கையில இருக்கற திராட்சை, சாக்லேட், மிச்சமான குழம்புல இருக்கற வெங்காயம் எல்லாமே ஆபத்து. புதருக்குள்ள மூஞ்சியை நுழைக்கற நாய்க்குக் கண்ணாடி விரியன் கடி மூஞ்சியிலதான் விழும். நாட்டு நாய் பாம்பைப் பாத்தாத் தள்ளி நின்னு கொரைக்கும், இது பக்கத்துல போய் மோந்து பாக்கும்.

வெயில்: சித்திரை, வைகாசியில ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரி தாண்டறது சாதாரணம். அந்த ரெண்டு மாசமும் நடை வெடியால ஆறு மணிக்கும் ராத்திரி ஏழுக்கு மேலயும்தான். பொறங்கையை ரோட்டுல அஞ்சு செகண்ட் வெக்க முடியலைன்னா நாய்ப் பாதமும் தாங்காது. பகல்ல ஃபேன் ஓடற அறைக்குள்ள இருக்கோணும், வாசல்ல கட்டி வெக்கற நாய் இது இல்லீங்க. நாயோட சாதாரண உடம்புச் சூடு 38லிருந்து 39 டிகிரி சொச்சம். 41 தாண்டினா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கித் தள்ளாடினா நெழலுக்குக் கொண்டுபோய் உடம்பு பூரா சாதாரணத் தண்ணி ஊத்தி, காத்து வீசிட்டே வண்டியில ஏத்துங்க. ஈரச்சாக்கைப் போத்தி வெச்சுறாதீங்க, சூடு உள்ளயே நிக்கும்.

இத்தனையும் பாத்துக்க ஒரு ஆள் பகல்ல வீட்டுக்குள்ள வேணும். மாமனாருக்கு எத்தனை வயசு, நாய்னா அவருக்குப் புடிக்குமா? என் கேள்வி அதுதான்.

மஞ்சக்காடு:

எல்லாருக்கும் நன்றிங்க. மாமனாருக்கு 64, நல்லா நடப்பாரு, நாட்டு நாயை வளத்ததே அவருதான். ஆனா "வீட்டுக்குள்ள நாய்"ங்கறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஈரோட்டுக் குட்டி வேண்டாம்னு சொல்லிட்டோம். அவரு மனசு மாறினா எந்த மாசம் வாங்கறது நல்லது, எதைக் கேட்டு வாங்கோணும், சாப்பாடு எவ்வளவு? குட்டி இல்லாம வளந்த நாய் எடுத்தா பரவாயில்லீங்களா?

குஞ்சவால்:

மாமனார் ஒத்துக்காத வரைக்கும் வாங்காதீங்க அம்மிணி. பகல் பத்து மணி நேரம் நாய் இருக்கப் போறது அவருகிட்ட. காக்கரைத் தனியா வாசல்ல விட்டா நாள் பூரா கத்தும், செடியைத் தோண்டும், காலை நக்கியே புண்ணாக்கிக்கும். அவரு வீட்டுக்குள்ள வேண்டாம்னு சொல்றது பூஜை அறையும் சமையல்கட்டும் நெனச்சா இருக்கலாம். அந்த ரெண்டு வாசப்படிக்கும் இடுப்பளவு தடுப்புக் கதவு போட்டு, முன்னறையும் திண்ணையும் மட்டும்தான் நாய்க்குன்னு பேசிப் பாருங்க. அவரு தோட்டத்தைச் சுத்தற நேரம் காலையில அரை மணி, பொழுதோட அரை மணி நீளக் கயித்துல கூட்டிட்டுப் போனா, அதுக்கு வேண்டிய நடை முடிஞ்சுது. தீனியில பாதியைத் தட்டுல போடாம புல்லுல வீசித் தேட விட்டா, கால் மணி நேரத்துலயே நல்லாக் களைச்சுப் போகும்.

மாசம்: ஆடி, ஆவணி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கும், சூடு இருக்காது, பெருமழையும் இருக்காது. மே மாச லீவுல வாங்கினா கொழந்தைங்க நாள் பூரா தூக்கி வெச்சுட்டு, ஜூன்ல பள்ளிக்கூடம் போனதும் குட்டி திடீர்னு தனியாயிரும்.

கேக்க வேண்டியது: தாயை நேர்ல பாக்கோணும், குட்டிங்க இருக்கற எடத்துலயே. தாய் காதைத் தூக்கி மோந்து பாருங்க. இங்கிலீஷ் காக்கர்ல பரம்பரைச் சிறுநீரக நோய் ஒண்ணு இருக்குது, ரெண்டு வயசுக்குள்ளயே சிறுநீரகம் கெட்டுரும். கண்ணு திரை நரம்பு தேஞ்சு பார்வை போற நோய் இன்னொண்ணு. ரெண்டுக்கும் டிஎன்ஏ சோதனை உண்டு. தாய் தகப்பன்ல ஒண்ணாவது "சுத்தம்"னு சான்று இருந்தா குட்டிக்கு அந்த நோய் வராது. நாய் இனங்களைப் பதிவு பண்ற கென்னல் கிளப்போட சீட்டு வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. தடுப்பூசி அட்டையில மருந்துப் புட்டியோட ஸ்டிக்கரும் மருத்துவர் முத்திரையும் இருக்கோணும். 8 வாரத்துக்கு அப்புறமும் 3, 4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் கூட்டு ஊசி (பல நோய்க்கும் சேத்துப் போடற தடுப்பூசி) போடோணும், 3 மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்றபடி வருஷா வருஷம்.

சாப்பாடு: 13 கிலோ நாய்க்கு உலர் தீனின்னா நாளைக்கு சுமார் 200 கிராம், ரெண்டு வேளையாப் பிரிச்சு. கருத்தடை பண்ணினதுக்கு இன்னும் 20, 30 கிராம் கம்மி. காக்கர் எப்பவும் பசிக்கற மாதிரியே பாக்கும், நம்பாதீங்க. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படலைன்னா எடை கூடிருச்சு. தட்டு குறுகலா, ஆழமா இருக்கட்டும், காது வெளிய தொங்கும்.

வாய்க்கால்மேடு:

வளர்ந்த நாய் பற்றி: உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பேன். மூன்று நான்கு வயதில், வெளிநாடு போகிறவர்களும் அபார்ட்மென்ட்டுக்கு மாறுகிறவர்களும் கொடுக்கும் காக்கர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அவ்வப்போது வரும். குணம் என்ன, காது எப்படி, கோழியைப் பார்த்தால் என்ன செய்கிறது என்பதெல்லாம் அந்த வயதில் மறைக்க முடியாது. இரண்டு தடவை போய்ப் பாருங்கள், இரண்டாவது தடவை மாமனாரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அது சாப்பிடும்போது பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு தட்டுக்குப் பக்கம் ஒரு கறித்துண்டை எறியுங்கள். வாலை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தால் நல்லது. உடம்பு இறுகி வேகமாக விழுங்கினால் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம்.

உங்கள் நாட்டு நாயோடு முதல் சந்திப்பை வாசலில் வைக்காதீர்கள், அது காவல் காக்கும் இடம். இரண்டையும் கயிற்றில் பிடித்து, ஊர்ப்பாதையில் இருபதடி இடைவெளியில் ஒரே திசையில் கால் மணி நேரம் நடத்திவிட்டு, அப்புறம் சேர்ந்தாற்போல வீட்டுக்குள் கூட்டி வாருங்கள். முதல் இரண்டு வாரம் சோறு தனித்தனி இடத்தில்.